சூலூர்பேட்டையிலிருந்து பெரம்பூருக்கு: புறாவின் காலில் 118 ஜிபி

ஆந்திராவில் உள்ள சூலூர்பேட்டையில் காலை 6:40-க்குப் பறக்கவிட்ட ஹோமர் புறா (தொலைவில் விட்டாலும் தன் கூண்டுக்கே திரும்பும் வகை) 7:44-க்குப் பெரம்பூரில் எங்கள் மாடிக்கு மேல் வட்டமடித்தது. 7:46-க்குக் கூண்டுக்குள் நுழைந்தது. அதன் காலில் வந்த மைக்ரோ எஸ்டி கார்டில் இருந்த 118 ஜிபி காணொளி 8:13-க்குள் முழுவதும் என் கணினியில் ஏறிவிட்டது. ஒரு கோப்புகூடப் பழுதில்லை. அனுப்பிய நண்பரின் வீட்டு இணைப்பில் மேலேற்றும் வேகம் விநாடிக்கு 8 மெகாபிட். அந்த வழியில் அனுப்பினால் கிட்டத்தட்ட 33 மணி நேரம் ஆகும், அதுவும் நடுவில் மின்சாரம் போகாமல் இருந்தால்.

பல மாதங்களாக இழுத்துக்கொண்டிருந்த வேலை இப்படி ஒழுங்காக முடிந்ததால், அளவுகளும் செலவும் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். புறாவை வைத்து இணையத்தைக் கேலி செய்ய நினைப்பவர்கள் பறவையை ஏறிட்டுப் பார்ப்பதே இல்லை. எழுபது கிலோமீட்டர் தாண்டி, தன் வீட்டு மாடியைத் தேடிக் கண்டுபிடித்து இறங்கும் உயிர் அது. அதற்கேற்ற அக்கறையோடு செய்தால்தான் இந்த வேலை நடக்கும்.

முதலில், எதற்காக என்று சொல்லிவிடுகிறேன். நண்பர் சூலூர்பேட்டையில் இருக்கிறார். அங்கிருந்து வடக்கே உள்ள நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் பருவத்தில் காணொளி எடுப்பார். அவற்றை வெட்டிக் கோப்பது என் பொறுப்பு. ஒரு வாரத்துக்கு நூறு ஜிபிக்குக் குறையாமல் சேரும். என் மாடியிலோ பந்தய ஹோமர்கள் இருக்கின்றன. சூலூர்பேட்டை அவற்றுக்குப் பெரிய தூரமே அல்ல. வட சென்னையில் பந்தயம் விடுகிறவர்கள் பழக்கத்துக்கே அந்தத் திசையில்தான் கொண்டுபோய் விடுகிறார்கள்.

புறாவில் தரவு அனுப்புவதற்கென்று எழுதப்பட்ட இணைய ஆவணம் ஒன்றும் உண்டு. 1990 ஏப்ரல் 1 அன்று டேவிட் வைட்ஸ்மேன் வெளியிட்ட ஆர்எஃப்சி 1149. தேதியைப் பார்த்தாலே விளையாட்டாக எழுதியது என்று தெரிந்துவிடும். ஆனால் அதன் செய்முறைப் பகுதி மிகத் தெளிவானது: ஐபி பாக்கெட்டை, அதாவது இணையத்தில் போகும் தரவின் ஒரு துண்டை, ஒரு சிறு தாளில் ஹெக்ஸ் எண்களாக (0 முதல் 9, ஏ முதல் எஃப் வரையான பதினாறு குறிகளில்) அச்சிட வேண்டும், தாளைப் பறவையின் ஒரு காலில் சுற்றி, ஓரத்தை டக்ட் டேப்பால் ஒட்ட வேண்டும், ஒரு சுமையின் வழக்கமான அளவு 256 மில்லிகிராம். நார்வே நாட்டின் பெர்கன் நகர லினக்ஸ் பயனர் குழு 2001 ஏப்ரல் 28 அன்று இதை உண்மையாகவே செய்து காட்டியது. மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்க அனுப்பும் பிங் பாக்கெட்டுகள் ஒன்பதை அனுப்பினார்கள். நான்குக்குப் பதில் வந்தது. சீக்கிரம் வந்த பதிலுக்கு 3,211 விநாடி, தாமதமாக வந்ததற்கு 6,388 விநாடி.

நானும் தாளில்தான் தொடங்கினேன். ஒரு பிங் பாக்கெட் 84 பைட். ஹெக்ஸில் 168 இலக்கங்கள். பைட்டுக்குப் பைட் இடைவெளி விட்டால் மொத்தம் 251 எழுத்து. 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) தாளில் 256 மில்லிகிராம் என்பது 5 செ.மீ.க்கு 6.8 செ.மீ. துண்டு. 6 புள்ளி எழுத்தில் ஒரு வரிக்கு 13 பைட் பிடிக்கும். ஏழு வரியில் பாக்கெட் முடிந்துவிடும். துண்டு முழுவதும் நிரப்பினால் 27 வரி, 351 பைட். நண்பரின் 118 ஜிபியை அப்படி அனுப்ப வேண்டுமானால் சுமார் 33 கோடியே 60 லட்சம் புறாக்கள் வேண்டும். தாளில் நிற்கக் கூடாது என்பது இந்தக் கணக்கிலேயே முடிவாகிவிட்டது. இருந்தாலும் காலில் ஒரு பொருளைக் கட்டிப் பறக்கவிடுவது எப்படி என்று தெரிந்துகொள்ள, செங்குன்றத்தில் உறவினர் வீட்டு மாடியிலிருந்து தாளைக் கட்டி விட்டேன். அது நேர்க்கோட்டில் 11 கிலோமீட்டர்.

தாள் வந்து சேர்ந்தது. ஆனால் இரண்டு தொல்லைகள். டக்ட் டேப்பின் பசை புறாவின் கால் செதிலில் ஒட்டிக்கொண்டு, பறவை ஓயாமல் அதைக் கொத்தத் தொடங்கியது. தேங்காய் எண்ணெயில் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்தெடுக்க வேண்டியதாயிற்று. அதன்பின் பசையுள்ள எதையும் கால் தோலில் பட விடுவதில்லை. அடுத்தது அச்சு. இங்க்ஜெட் மை காலைப் பனியில் பரவிவிட்டது. லேசர் அச்சில் அந்தச் சிக்கல் இல்லை என்றாலும், ஸ்கேன் செய்து எழுத்தறி மென்பொருளில் கொடுத்தால் 8-ஐயும் பி எழுத்தையும் அது மாற்றி மாற்றிப் படித்தது. பாக்கெட்டின் சரிபார்ப்பு எண் பொருந்தவே இல்லை. பறவை கால் மணி நேரத்துக்குள் கொண்டுவந்ததை நான் அரை மணி நேரம் உட்கார்ந்து திருத்தினேன். வேலை பறவையிடம் அதிகமில்லை, இறங்கும் இடத்தில்தான் இருக்கிறது என்று முதலில் எனக்குப் பட்டது அங்கேதான். அதற்குப் பிறகு நான் செய்த மாற்றங்கள் எல்லாமே இரண்டு முனைகளைச் சுற்றித்தான்.

தாளை விட்டுக் கார்டுக்கு வந்தேன். மைக்ரோ எஸ்டி கார்டின் அளவு 15 மி.மீ. நீளம், 11 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன். நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரிச் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி நிறுத்தேன்: 0.25 கிராம். வைட்ஸ்மேன் 1990-ல் எழுதிவைத்த 256 மில்லிகிராமுக்குள் இன்றைய 128 ஜிபி கார்டு கச்சிதமாக அடங்கிவிடுகிறது. இதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க மனமில்லை.

எடை சரி, வடிவம்தான் முரண்டு பிடித்தது. புறாவின் கால் உருண்டை, கார்டு தட்டை, வளைக்கவும் முடியாது. மருந்துக் கேப்சூலில் போடலாமென்று பார்த்தால், மனிதர்கள் விழுங்கும் அளவுகளில் மிகப் பெரிய 000 கேப்சூலின் வெளிவிட்டமே 10 மி.மீ.க்குள்தான்; கார்டின் அகலம் 11. முதுகில் கட்டும் பை ஒன்றை எலாஸ்டிக் நாடாவில் தைத்தேன். மொத்தம் 6.5 கிராம். பறவைகளுக்குக் கருவி பொருத்தும் ஆய்வாளர்கள் உடல் எடையில் 3 முதல் 5 சதவீதத்துக்குள் நிற்பது வழக்கம்; 430 கிராம் புறாவுக்கு 6.5 கிராம் அந்த எல்லைக்கு நன்றாக உள்ளேயே இருக்கிறது. ஆனால் நாடா இறக்கைக்கு அடியில் உராய்ந்து இறகைக் கலைத்தது. பறந்து வந்த பறவையை விரித்துப் பார்த்தபோது தோல் சிவந்திருந்தது. பையை அன்றோடு ஒதுக்கிவிட்டேன்.

வாலில் கட்டும் முறைக்கு ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. 1870-71-ல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது, ரெனே தாக்ரோன் என்ற புகைப்படக் கலைஞர் கடிதங்களை நுண்படச் சுருளாக்கி, அதை இறகுக் குழலில் அடைத்து, புறாவின் வால் இறகில் பட்டு நூலால் கட்டி அனுப்பினார். ஆயிரக்கணக்கான கடிதங்கள் ஒரே பறவையில் போயின. நானும் புறாவின் பன்னிரண்டு வால் இறகுகளில் நடு இரண்டைத் தேர்ந்தெடுத்துப் பருத்தி நூலில் கட்டிப் பார்த்தேன். பறப்பதில் குறையில்லை. ஆனால் தாக்ரோனின் சுருள் இந்தக் கார்டைவிட மிக இலேசு. கார்டின் கனத்தில் இறகு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது, புறா அதை அலகால் சரிசெய்துகொண்டே இருந்தது. இறகு உதிரும் பருவத்தில் கார்டு இறகோடு போய்விடும் அபாயமும் உண்டு.

கடைசியில் நிலைத்தது ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், சூடு பட்டால் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய். ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் விற்பார்கள். 8 மி.மீ. விட்டமுள்ளதைத் தட்டையாக அழுத்தினால் 12.5 மி.மீ. அகலம் வருகிறது, கார்டு உள்ளே சரியாகப் போகும். கார்டை உள்ளே வைத்துச் சூடு காட்டக் கூடாது. அதனால் ஓர் அச்சு செய்துகொண்டேன். பழைய ஏடிஎம் அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. அதில் 11 மி.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, செல்லோ டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினால் கார்டைவிட ஓர் இழை தடிமன் கூடும். ஸ்லீவை 22 மி.மீ. நீளத்துக்கு வெட்டி இந்த அச்சின் மேல் ஏற்றி, ஹேர் டிரையர் போதாமல், ஹாட் ஏர் கன்னைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துச் சூடு காட்டினேன். சுருங்கி இறுகியதும், சூடாக இருக்கும்போதே ஒரு முனையைத் தட்டைக் குறடால் நசுக்கினால் அது ஒட்டிக்கொள்ளும். ஆறிய பிறகு அச்சை உருவிவிட வேண்டும். கார்டு உள்ளே போகும்போது ஒரு சின்ன இறுக்கம் தெரிய வேண்டும். தலைகீழாகப் பிடித்து உதறினாலும் விழக் கூடாது. வாய்ப்பகுதியை மடித்து மேலே ஒரு சுற்று டேப்.

இந்த உறையைத் தாங்க, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைக்கும் 8 மி.மீ. பிளாஸ்டிக் ரிங், கிளிப் போல் திறந்து மூடுவது. உறையின் மூடிய முனையை ரிங்கோடு நைலான் நூலால் நான்கு கட்டுக் கட்டி, முடிச்சில் மட்டும் ஒரு துளி ஃபெவிக்விக். உறை காலின் வெளிப்பக்கமாகத் தொங்க வேண்டும். உட்பக்கம் வந்தால் அடுத்த காலில் இடிக்கும். குஞ்சாக இருக்கும்போதே போட்ட அடையாள ரிங் ஒரு காலில் இருக்கும், அதனால் இதற்கு மறு கால். ரிங், உறை, நூல், கார்டு எல்லாம் சேர்த்து 0.85 கிராம். பறவையின் எடையில் 0.2 சதவீதம். போட்ட முதல் பத்து நிமிடம் காலை உதறும், அப்புறம் மறந்துவிடும். சுமையோடு பறக்கவிடும் முன் வெறும் உறையோடு சில நாள் கூண்டிலேயே பழகவிட்டேன்.

பறவைகளைப் பழக்கியதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஹோமர் வளர்ப்பவர்களுக்கு எல்லாம் தெரிந்ததுதான். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் ஆரம்பித்தேன். மீஞ்சூர் 18 கிலோமீட்டர், பொன்னேரி 26, கும்மிடிப்பூண்டி 36, தடா 57, சூலூர்பேட்டை 70. எல்லாம் நேர்க்கோட்டுத் தூரம், ஒரே திசை. மூங்கில் கூடையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு இருட்டோடு கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் விட்டுவிடுவேன். கும்மிடிப்பூண்டியில் விட்ட ஒரு நீலப் பெட்டை திரும்பி வரவில்லை. வல்லூறு அடித்ததா, மாஞ்சா நூல் அறுத்ததா, எதுவும் தெரியாது. நல்ல பறவை. அதன் காலில் அன்று கார்டு இல்லை, ஆனால் இழப்பு இழப்புதான். அதற்குப் பிறகு எந்தச் சுமையையும் ஒரே பறவையிடம் கொடுப்பதில்லை என்று தீர்மானித்தேன். ஒரே உள்ளடக்கம் இரண்டு கார்டுகளில், இரண்டு பறவைகளில், கால் மணி நேர இடைவெளியில்.

வியாசர்பாடியில் முப்பது வருடத்துக்கு மேல் ஹோமர் வளர்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். உறையை அவரிடம் காட்டினேன். கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "காலில் இருக்கிறதைப் பற்றிப் புறாவுக்குக் கவலையில்லை தம்பி. வந்து இறங்கினதும் உடனே உள்ளே போகிறதா என்று பார். நம் ஆட்கள் பந்தயத்தில் தோற்கிறது வானத்தில் இல்லை, தண்ணீர்த் தொட்டி மேல்" என்றார்.

அவர் சொன்னது அப்படியே நடந்தது. தடாவிலிருந்து கார்டோடு வந்த முதல் பறவை, நல்ல நேரத்தில் வந்து, எங்கள் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது. நான் கீழே, தரவு மேலே, நடுவில் பத்தடி. ஏணி வைத்து ஏறினால் பக்கத்து மாடிக்குப் போய்விடும். அதோடு நம்பிக்கையும் கெடும். இருபத்தைந்து நிமிடம் அப்படியே நின்றேன். 57 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் கடந்த பறவை, கடைசிப் பத்தடிக்கு அதில் பாதி நேரத்தை எடுத்துக்கொண்டது.

இதற்கு மருந்து பசி. ஒரு ஹோமருக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம் தீனி. பறக்கும் நாளுக்கு முந்தைய மாலையில் நண்பர் பாதிதான் போடுவார், 15 கிராம். தண்ணீர் வேண்டிய மட்டும். காலையில் ஒன்றுமில்லை. இங்கே கூண்டில் எப்போது தீனி போட்டாலும், போடுவதற்கு முன் தகர டப்பாவில் கம்பைப் போட்டுக் குலுக்குவது என்று வழக்கப்படுத்தினேன். அந்தச் சத்தம் கேட்டால் சாப்பாடு, இல்லாவிட்டால் இல்லை. சில வாரங்களில் பறவைகள் டப்பாச் சத்தத்துக்கு நேராகப் பலகையில் வந்து இறங்கி, உள்பக்கம் மட்டும் திறக்கும் கம்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு போகத் தொடங்கின. இப்போது வட்டமடிப்பதிலிருந்து உள்ளே நுழைவது வரை இரண்டு நிமிடம். இந்த முழு முயற்சியில் எனக்கு மிகப் பெரிய லாபம் தந்த கருவி எது என்று கேட்டால், அந்த டப்பாதான்.

கம்பிக் கதவில் ஒரு காந்தமும், காந்தம் நெருங்கினால் இயங்கும் ரீட் சுவிட்சும் வைத்து, வைஃபை உள்ள ஈஎஸ்பி32 என்ற சிறு மின்னணுப் பலகையோடு இணைத்தேன். கதவு தள்ளப்பட்டதும் கைபேசிக்குச் செய்தி வரும், நேரமும் பதிவாகும். முதலில் சுவிட்சை இறங்கு பலகைக்குக் கீழே பொருத்தியிருந்தேன். எச்சம் வழிந்து சீக்கிரமே துருவேறிவிட்டது. இப்போது கதவின் மேல் சட்டத்தில் இருக்கிறது, தொல்லையில்லை.

இனி இரண்டு முனைகளின் கணக்கு. தொடக்கத்தில் நண்பர் கேமராக் கார்டிலிருந்து மடிக்கணினிக்கு ஏற்றி, அங்கிருந்து பறவைக்கான கார்டுக்கு இறக்குவார். அந்தக் கார்டு வட்டத்துக்குள் 10 என்று போட்ட வகை. அந்தக் குறி விநாடிக்கு 10 எம்பி எழுதும் என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். எங்கள் கார்டு 12 எம்பி எழுதியது. 118 ஜிபி எழுத 2 மணி 44 நிமிடம். இந்தப் பக்கம் என்னிடம் இருந்த பழைய யுஎஸ்பி 2 ரீடர் விநாடிக்கு 20 எம்பிதான் படித்தது: 1 மணி 38 நிமிடம். ஒரு மணி நேரச் சொச்சம் பறப்பதற்கு முன்னும் பின்னும் சேர்த்து கிட்டத்தட்ட நாலரை மணி நேரம்!

2009 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் வின்ஸ்டன் என்ற புறா ஹோவிக் என்ற ஊரிலிருந்து ஹில்கிரெஸ்டுக்கு 4 ஜிபி கொண்டுபோன செய்தி பலருக்கும் நினைவிருக்கும். அதிலும் இதே கதை. பறந்தது 1 மணி 8 நிமிடம். கார்டிலிருந்து கணினியில் ஏற்றி முடித்தபோது மொத்தம் 2 மணி 6 நிமிடம் 57 விநாடி. அதே நேரத்தில் அங்கிருந்த ஏடிஎஸ்எல் (தொலைபேசிக் கம்பி வழி) இணைய இணைப்பில் 4 சதவீதம்தான் போயிருந்தது. பாரிஸிலும் அப்படியே: நுண்படத்தை மாய விளக்கு என்ற அந்தக் காலத்துப் படம் காட்டும் கருவியில் திரையில் பெரிதாகக் காட்டி, எழுத்தர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு கடிதமாகப் படியெடுத்தார்கள். புறா எந்தக் காலத்திலும் தன் பங்கை முதலில் முடித்துவிடுகிறது.

இரண்டு மாற்றங்கள் செய்தேன். நண்பரின் கேமராவே மைக்ரோ எஸ்டி கார்டில் பதிவு செய்வதுதான். வி30 குறியுள்ள, அதாவது தொடர்ந்து விநாடிக்கு 30 எம்பி எழுத உத்தரவாதமுள்ள கார்டுகளை வாங்கிக் கொடுத்து, கேமராவிலிருந்து கழற்றிய கார்டையே நேராக உறையில் போடச் சொன்னேன். முந்தைய இரவே அவர் அதன் நகலை இரண்டாம் கார்டுக்கு எடுத்து, ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்பு எண் (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் எண்) கணக்கிட்டு, அந்தப் பட்டியலை மட்டும் கைபேசியில் அனுப்பிவிடுவார். அது சில கிலோபைட்தான். இரவில் புறா பறக்காது, ஆகவே அந்த நேரம் எப்படியும் சும்மா கிடப்பதுதான். என் பக்கம் யுஎஸ்பி 3 ரீடர் வாங்கினேன். விநாடிக்கு 85 எம்பி. 118 ஜிபி 23 நிமிடத்தில் இறங்கிவிடும்.

அந்தக் காலை வந்த பறவை கருப்புக் கட்டம் போட்ட ஆண். கூண்டுக்குள் இருந்து எடுக்கும்போது மார்பு திமுதிமுவென்று அடித்துக்கொண்டிருந்தது. இறகுகளில் கடற்காற்றின் பிசுபிசுப்பு. இடது கையில் கால்களை விரலிடுக்கில் பிடித்து, வலது கையால் ரிங்கைத் திறந்து கழற்றி, பறவையை உடனே தீனிக்கு விட்டேன். டேப்பை உரித்ததும் கார்டு நகக்கண்ணில் பட்டு வழுக்கிக்கொண்டு வந்தது, கொஞ்சம் சூடாக. ரீடரில் போட்டபோது மணி 7:50. பறக்கவிட்டதிலிருந்து கடைசிக் கோப்பு ஏறும் வரை 93 நிமிடம். சராசரி விநாடிக்கு 169 மெகாபிட். சரிபார்ப்பு எண்கள் அத்தனையும் பொருந்தின. கால் மணி நேரம் கழித்து விட்ட இரண்டாம் பறவையும் எட்டு மணிக்குள் வந்துவிட்டது. அதன் கார்டைத் திறக்கவே தேவைப்படவில்லை.

செலவு விவரம்: தராசு 380 ரூபாய். வி30 கார்டுகள் இரண்டு, ஒன்று 1,050 ரூபாய் வீதம். யுஎஸ்பி 3 ரீடர் 650. ஸ்லீவ், நூல், ரிங் எல்லாம் சேர்த்து 200-க்குள். உறை ஒவ்வொன்றும் நான்கைந்து முறை தாங்கும், வாய் மடிப்பில்தான் முதலில் கிழியும். ஈஎஸ்பி32, ரீட் சுவிட்ச், காந்தம் 500. ஹாட் ஏர் கன் இரவல். பறவைகளும் தீனியும் எப்படியும் வீட்டில் இருப்பவை என்பதால் சேர்க்கவில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் ஜோடி ஹோமருக்கும் கூண்டுக்கும் இதைப்போலப் பல மடங்கு வைத்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் தனி.

பெட்ரோல் என்றதும் எல்லோரும் கேட்கும் கேள்வி: புறாவைக் கொண்டுபோய்க் கொடுக்க மோட்டார் சைக்கிளில் போகிறவர், கார்டையே வாங்கி வந்துவிடலாமே? ஒரு முறை கூடையில் நான்கு பறவைகளைக் கொண்டுபோய் விட்டால் இரண்டு சுமைகளுக்கு ஆகும். நான் மறுபடி போக வேண்டியது அவை தீர்ந்த பிறகுதான். பாரிஸ்காரர்கள் புறாக்களைப் பலூனில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். போகிற வழிக்கு என்றைக்கும் வேறு வாகனம் வேண்டும். ஆனாலும் இந்த ஒருவழித்தன்மைதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. வெட்டிக் கோத்த காணொளியை நண்பரிடம் திருப்பி அனுப்ப எனக்குப் பறவை இல்லை.

1946-ல் தொடங்கிய ஒடிசா காவல்துறையின் புறாப் பிரிவில், போய்த் திரும்பும் பறவைகளுக்குப் பூமராங் என்றே ஒரு தனிச் சேவை இருந்தது. ஓரிடத்தில் கூண்டு, மற்றோரிடத்தில் தீனி என்று பழக்கினால் புறா இரண்டுக்கும் நடுவே போய் வரும். 70 கிலோமீட்டருக்கு அதைப் பழக்குவதற்குப் பொறுமையும் நேரமும் நிறைய வேண்டும், என் வேலை நேரத்துக்கு அது ஒத்துவராது. அதைவிட எளிய வழி நண்பர் வீட்டிலேயே ஒரு கூண்டு வைப்பது. அங்கே பொரித்த குஞ்சுகளுக்குச் சூலூர்பேட்டைதான் வீடு. அவற்றை நான் பெரம்பூருக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டால், திரும்பும் வழி அவற்றுடையது. அங்கே போகும்போது என் பறவைகள் கூடையில், வரும்போது அவருடையவை. பெட்ரோலும் இரண்டு பக்கத்துக்கும் பயன்படும்.

அடுத்த முறை மாற்ற நினைக்கும் மற்றவை: உறையின் வாயை டேப்புக்குப் பதிலாகச் செருகி மூடும்படி செய்ய வேண்டும், ஒவ்வொரு முறையும் பசை மிஞ்சுகிறது. காணொளியில் மறைக்க ஒன்றுமில்லாவிட்டாலும் கார்டைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட வேண்டும். வழி தவறிய புறா யார் வீட்டு மாடியில் இறங்கும் என்று சொல்ல முடியாது. ரிங்கின் உட்புறத்தில் தொலைபேசி எண் எழுத வேண்டும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பறக்கவே விடக் கூடாது. கூழைக்கடாக்கள் அந்தப் பருவத்தில் வருவதுதான் வருத்தம், அதுவரை சேர்வதைத் தையில் அனுப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

நண்பர் வீட்டு மாடியில் கூண்டுக்குத் தேவையான சட்டம் அறுத்தாகிவிட்டது. நான்கடிக்கு மூன்றடி, தரையிலிருந்து இரண்டடி உயரம். இரும்பு வலை ஓர் அங்குலக் கண் போதும் என்கிறார் அவர். அங்கே எலி அதிகம், ஆகவே அரை அங்குலம்தான் வாங்கப் போகிறேன்.